பம்பர் முதல் பாரல் வரை: பட்டறைப் பேச்சும் நிஜமும்

சங்கரன்கோவிலுக்கு மேற்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று மலையடிவாரத்தை ஒட்டிய தோப்புகளில் ஜீப்பும் காட்டுப்பன்றியும் அன்றாடப் பேச்சு. வண்டிக்கு எதை மாட்டலாம், துப்பாக்கியில் எதைச் சரிசெய்யலாம் என்பதில் ஆளுக்கொரு நம்பிக்கை உண்டு. அவற்றில் சில உயிரோடு விளையாடுபவை.

முன்னால் கனத்த இரும்பு பம்பர் இருந்தால் உயிருக்குப் பாதுகாப்பு என்பார்கள். மாடு குறுக்கே பாய்ந்தால் விளக்கும் ரேடியேட்டரும் தப்பலாம், அதுவரை சரி. உள்ளே இருப்பவர் கதை வேறு. இன்றைய வண்டியின் முன்பகுதி, மோதும்போது தான் நசுங்கி அடியைத் தானே வாங்கிக்கொள்ளும்படி அமைந்தது. சேஸிஸ் நுனியில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்போ மடங்காமல் அந்த அடியை உள்ளே கடத்துகிறது. ஏர்பேக்கை விரிக்கும் சென்சாரின் கணக்கும் பிசகுகிறது. மோதுவது நடந்து போகிறவர் மேல் என்றால் காயம் இன்னும் மோசம். இத்தகைய கம்பிக்காப்புகள்மேல் நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

பெரிய டயர் போட்டால் பிடிமானம் கூடும் என்பது இன்னொன்று. விட்டம் 10 சதவீதம் கூடினால், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-ல் ஓடும். பிரேக்கோ பழைய பிரேக்தான். கூடவே பாடியையும் உயர்த்தினால் கொண்டை ஊசி வளைவில் கவிழும் அபாயம் ஏறுகிறது.

“ஆர்.சி. புக் பக்காவா இருக்கு, யார் கேட்பா?” என்பவர்களும் உண்டு. ஹரியானாவின் மண்டி டப்வாலியில் உருமாற்றிய ஜீப்புகள் நாடெங்கும் விற்பனையாகின்றன. அவை ஓடுகின்றனவே என்ற நம்பிக்கை தரும் தைரியம் இது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு பார்ப்பது, வண்டி தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களின்படி இருக்கிறதா என்பதைத்தான். கேரளத்து வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புளியரை எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போகிற டி.என். 79 (சங்கரன்கோவில்) பதிவெண் வண்டிக்காரர்கள் இதை மறக்கக் கூடாது.

அதற்காக எதையுமே தொடக் கூடாது என்பதும் தவறு. மாற்றுத்திறனாளிக்காக வண்டியை மாற்றலாம், அங்கீகரிக்கப்பட்ட எரிவாயு கிட் பொருத்தலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி பதிய வேண்டும், அவ்வளவே.

துப்பாக்கி விஷயத்தில் அவ்வளவு தாராளம் கிடையாது. “பாகம்தானே, துப்பாக்கி இல்லையே” என்று லேத் பட்டறையில் சொல்வது பெரிய ஆபத்து. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியின் பாகமும் துப்பாக்கியே. சத்தம் குறைக்கும் குழாயும் அதில் சேரும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று விவசாயி வாங்கிய லைசென்ஸ் அவருக்கானது, பட்டறைக்காரருக்கு அல்ல. பழுது பார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பின், குறைந்தது ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை.

சட்டத்தை விடுங்கள், இரும்பைப் பாருங்கள். வெர்னியரில் அளவு அச்சாக வந்துவிட்டால் பாகம் தாங்கிவிடும் என்று அர்த்தமில்லை. மருந்து வெடிக்கும் நொடியில் எழும் அழுத்தத்தைத் தாங்க இரும்பின் கலவையும் சூடேற்றிப் பதப்படுத்திய விதமும் சரியாக இருக்க வேண்டும். அதனால்தான் தொழிற்சாலைகள் வழக்கத்தைவிட அழுத்தம் கூடிய தோட்டாவால் சுட்டுப் பார்த்த பிறகே துப்பாக்கியை வெளியே விடுகின்றன. பழைய பைப்பைக் கடைந்து செய்த பாரல் வெடித்தால், முதலில் போவது பிடித்திருப்பவரின் விரலும் கண்ணும்.

கைத்திறன் வீணாகிறதே என்ற ஆதங்கம் நியாயமானது. அதற்குச் சட்டப்படியான வழியும் உண்டு. ஆவடியில் 1961 முதல் கனரக வாகனத் தொழிற்சாலையும் திருச்சியில் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலையும் இருக்கின்றன. 2019-ல் தொடங்கிய பாதுகாப்புத் தொழில் வழித்தடம் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்து மையங்களைக் கொண்டது. இத்தகைய வேலையில் ஆர்டர் பிடிக்க வரைபடத்துக்கேற்ற அளவும், இரும்பின் சோதனைச் சான்றும், பாகங்களின் அளவுப் பதிவும் காட்ட வேண்டும். அந்த ஐந்தில் திருச்சிக்குத் தெற்கே ஓர் ஊர்கூட இல்லை என்பது, இந்தப் பக்கத்துப் பட்டறைகளுக்குப் பெரிய குறை.