மோட்டார் சூடாவது ஏன்?

செஞ்சிக் கோட்டையை அடுத்த வல்லம் ஊராட்சி ஒன்றியத்தில் நெல்லும் மணிலாவும் கிணற்று நீரைப் பெரிதும் நம்பி விளைகின்றன. கவலை பூட்டி இறைத்த கிணறுகளில், 1957-ஆம் ஆண்டு மின்சார வாரியம் அமைந்த பின்னர், மின்சாரப் பம்புகள் படிப்படியாக இடம் பெற்றன. கவலை இழுக்கும் மாடு களைத்தால் நின்றுவிடும். மோட்டாரோ தன் களைப்பைச் சூட்டினால்தான் தெரிவிக்கும். அதைப் பொருட்படுத்தாவிடில் உள்ளிருக்கும் கம்பிச் சுருள் கருகிவிடும். மணிலா காய் பிடிக்கும் வேளையில் இது நேர்ந்தால் பணத்தோடு விளைச்சலும் போகும். ஆகவே, சூட்டின் காரணத்தைக் கண்டறியும் முறையை நாம் இங்கு ஆராய்வோம்.

ஓடும் மோட்டார் ஓரளவு சூடாவது இயல்பே. வழக்கத்தினும் மிகுந்த சூடும், வார்னிஷ் கருகும் நாற்றமுமே அபாயக் குறிகள். தாங்கத்தக்க அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி சென்டிகிரேடு சூடு மிகும்போதும் சுருளின் காப்புறை ஏறத்தாழப் பாதி ஆயுளை இழக்கிறது.

சூடு எந்த இடத்தில்?

முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தி, மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு, புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

மோட்டாரின் ஒரு முனை மட்டும் சுட்டால் குறை பேரிங்கில் உள்ளது. கிரீஸ் வற்றியிருக்கலாம், அளவுக்கு மீறி அடைக்கப்பட்டிருக்கலாம், மோட்டார் அச்சும் பம்பு அச்சும் நேர்க்கோட்டில் இல்லாமலும் இருக்கலாம்.

பம்பு மட்டும் சுட்டால் அது நீரின்றி ஓடுகிறது என்று பொருள். புட்வால்வு ஒழுகுகிறதா, உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுகிறதா என்று காண்க. கோடையில் நீர்மட்டம் இறங்கிவிடுவதும் காரணமாகும். மேலிருந்து உறிஞ்சும் பம்பு நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டர் ஆழத்திலிருந்தே நன்கு நீரெடுக்கும். அதற்கும் கீழே நீர் சென்றால் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி அமைப்பதே வழி.

மோட்டார் முழுவதும் சுட்டால் அது மிகுந்த மின்சாரத்தை இழுக்கிறது எனலாம். விசிறி மூடியில் தூசியும் வைக்கோலும் அடைந்து காற்றோட்டம் தடைப்பட்டிருந்தாலும் இவ்வாறே சுடும்.

மின்சாரக் குறைகள்

5 குதிரைத் திறனுள்ள மும்முனை மோட்டார் 415 வோல்ட்டில் ஏறக்குறைய 7½ ஆம்பியர் எடுக்கும். சரியான அளவு மோட்டாரின் பெயர்த் தகட்டில் இருக்கும். வோல்ட்டு குறைந்தால் அதே வேலைக்கு ஆம்பியர் கூடும், சூடும் ஏறும்.

இதனினும் கொடியது ஒரு முனை மின்சாரம் அறுந்துபோவது. அப்போது எஞ்சிய இரு முனைகளும் பாரத்தைச் சுமக்க, மோட்டார் உறுமும். நின்றுள்ள மோட்டாராயின் சுழலாமல் உறுமிக்கொண்டே நிற்கும். உடனே நிறுத்தி, பியூஸ்களையும் ஸ்டார்ட்டரின் தொடுமுனைகளையும் பார்க்க வேண்டும். ஒரு முனை அறுந்தவுடன் மோட்டாரை நிறுத்தும் காப்புக் கருவியைப் பொருத்துவது நலம்.

ஸ்டார்ட்டர் அடிக்கடி விழுகிறதென்று ரிலேயின் அளவை உயர்த்துவோர் உளர். அது காவல்காரனின் கண்ணைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

கிணறு நிறைந்தால்

கார்த்திகையில் கிணறு நிரம்பியபின் மோட்டார் சுடுவதைக் கண்டு பலர் வியப்பர். நீர் ஏறவேண்டிய உயரம் குறைந்ததும் மையவிலக்குப் பம்பு மிகுதியான நீரை இறைக்கிறது. மோட்டாரின் பாரமும் கூடுகிறது. வெளியேற்றுக் குழாயின் வால்வைச் சிறிது மூடினால் ஆம்பியர் இறங்குவதைக் காணலாம். உறிஞ்சு குழாயை ஒருபோதும் அடைக்கலாகாது.

உழவர் பெருமக்கள் ஒன்று செய்யலாம். இறைப்பு நன்கு நடக்கும் நாளில் மின்பணியாளரைக் கொண்டு வோல்ட்டையும் மூன்று முனைகளின் ஆம்பியரையும் அளந்து பம்பு அறைச் சுவரில் எழுதி வைக்கவேண்டும். பின்னொரு நாள் மோட்டார் சுடும்போது, மாறியது எது என்பதை அவ்வெண்களே காட்டிவிடும்.