குற்றாலத்து மூலிகையும் வலிப்பு மாத்திரையும்



சீசன் நேரத்தில் குற்றாலம் வரும் உறவினர்கள் அருவியில் குளித்துவிட்டு, கடைவீதியில் சூரணமும் தைலமும் வாங்காமல் திரும்புவதில்லை. வலிப்பு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில், "எத்தனை வருஷம்தான் மாத்திரை? இதைக் கொடுத்துப் பாருங்கள்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் அதில் உள்ள ஆபத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூலிகையில் மருந்தே இல்லையா? இருக்கிறது. நம் மலையில் விளையும் மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின் என்ற ஆல்கலாய்டு. செடிகள் தம்மைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் இத்தகைய பொருள்கள் பெரும்பாலும் கசக்கும் அல்லது காரமாக இருக்கும். 1819இல் டென்மார்க் விஞ்ஞானி ஓர்ஸ்டெட் பைப்பரினைப் பிரித்தெடுத்தார். சீனாவில் மிளகும் முள்ளங்கியும் சேர்ந்த நாட்டு வைத்தியத்தை ஆராய்ந்தவர்கள், பைப்பரினின் அமைப்பை மாற்றி ஆன்டிஎபிலெப்சிரின் என்ற வலிப்பு மருந்தை உருவாக்கினார்கள்.

அரபு நாடுகளில் வேலை பார்த்தவர்கள் 'துர்முஸ்' என்ற மஞ்சள் பயறைப் பார்த்திருப்பீர்கள். அதன் கசப்பும் ஆல்கலாய்டுதான். அந்த இனப் பயறுகளில் உள்ள ஸ்பார்ட்டீன் எலிகளுக்கு வலிப்பைத் தணித்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனால் அதே பயறை வேகவைத்து, பல நாள் தண்ணீர் மாற்றி ஊறவைத்துக் கசப்பை நீக்காமல் தின்றால் தலைசுற்றும், பார்வை மங்கும். மருந்தாவதும் விஷமாவதும் அளவைப் பொறுத்தது. சூரணப் பொட்டலத்தில் அந்த அளவு நமக்குத் தெரியாது.

இன்னொரு ஆபத்து, மூலிகை மாத்திரையோடு மோதுவது. சங்குபுஷ்பி சேர்ந்த ஆயுர்வேத மருந்தைப் பெனிடாயினுடன் சேர்த்து எடுத்த இரண்டு நோயாளிகளுக்கு, அடங்கியிருந்த வலிப்பு திரும்பியதை 1992இல் வெளியான இந்திய ஆய்வு பதிவு செய்தது. மாறாக, பைப்பரின் இரத்தத்தில் பெனிடாயின் அளவைக் கூட்டுவதைச் சண்டிகர் மருத்துவர்கள் 2006இல் காட்டினார்கள். அளவு குறைந்தால் வலிப்பு வரும். கூடினால் தள்ளாட்டமும் மயக்கமும் வரும். மிளகும் திப்பிலியும் சேர்ந்த திரிகடுகு சூரணத்தைத் தினமும் எடுப்பவர்கள் இதை டாக்டரிடம் சொல்லுங்கள். ரசத்தை நிறுத்தச் சொல்லவில்லை. கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் சிலருக்கு வலிப்பையே தூண்டக்கூடியவை. அவற்றைத் தேய்ப்பதையும் ஆவி பிடிப்பதையும் தவிருங்கள்.

முறையாகச் சிகிச்சை பெற்றால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பணம்தான் தடையென்றால் மாத்திரை தீரும் முன்பே ஜமாஅத்தில் சொல்லுங்கள், இதில் வெட்கமில்லை. நோன்பு நோற்க விரும்புவோர் ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு மாத்திரை நேரத்தை முடிவு செய்யுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

வலிப்பு வந்தால்:

1. கையில் சாவியோ இரும்போ திணிக்காதீர்கள். வாயில் கரண்டி, தண்ணீர் எதுவும் வேண்டாம்.
2. கூர்மையான பொருள்களை அகற்றி, தலைக்கடியில் துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.
3. கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மீண்டும் வந்தாலோ 108ஐ அழையுங்கள்.
4. வலிப்பு உள்ளவரை அருவியிலோ குளத்திலோ தனியாகக் குளிக்க விடாதீர்கள்.

வலிப்பு நோயால் அவதிப்பட்ட ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து துஆ கேட்ட செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அவரை யாரும் இழிவாகப் பார்க்கவில்லை. சொர்க்கத்து நன்மாராயமே கிடைத்தது. நாமும் இந்தப் பிள்ளைகளை மறைத்து வைக்காமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவோம். துஆவும் செய்வோம், மாத்திரையையும் நேரத்துக்குக் கொடுப்போம். அல்லாஹ் அனைவருக்கும் ஷிஃபா தருவானாக. ஆமீன்.