குழந்தைப் போர்வைக்கு ஏற்ற பஞ்சு எது?

மார்கழி பிறந்ததும் பாலாற்றங்கரை ஊர்களில் விடியற்காலைக் குளிர் உறைக்கத் தொடங்குகிறது. கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டிக் காய்கின்ற வேலூர்தானா இது என்று வெளியூரார் வியப்பதுண்டு. நெசவாளர் இல்லங்களில் பழைய லுங்கிகளையும் சேலைகளையும் அடுக்கித் தைத்த போர்வைகள் அப்போது பெட்டியிலிருந்து வெளியே வரும். உருது பேசும் இல்லங்களில் பஞ்சு வைத்துத் தைத்த ரஜாய் வரும். வீட்டில் குழந்தை இருந்தால் அதற்கென்று புதிதாக ஒன்று தைக்க வேண்டும் என்ற ஆசை பாட்டிமார்க்கு எழுவதும் இந்த மாதத்தில்தான். மேல்துணியைப் பற்றி நம் அங்கத்தினர்களுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே வைக்கும் பஞ்சைப் பற்றியே சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு குடியாத்தம் பக்கத்துச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் ஒரு மூட்டையுடன் வந்து, "ஐயா, கணக்கு அப்புறம் பார்க்கலாம், முதலில் இதைப் பாருங்கள்" என்றார். நான்கு வயதுப் பேத்திக்குப் போர்வை தைப்பதற்காகக் கடைத்தெருவில் இரண்டு கிலோ "மில் பஞ்சு" வாங்கியிருக்கிறார். தைத்து ஒருமுறை துவைத்ததும் அது மூலைக்கு மூலை உருண்டைகளாகத் திரண்டுவிட்டது. குழந்தையோ நான்கு இரவுகளாக இருமியிருக்கிறது. தையலைப் பிரித்து, பஞ்சை ஒரு வெள்ளைத் துணியில் உதறிப் பார்த்தோம். நீலத் துணுக்கு, சிவப்பு நூல், நைலான் இழை, உள்ளாடையின் ரப்பர் நாடாத் துண்டு, கைப்பிடியளவு தூசி. பஞ்சென்று விற்கப்பட்டது அரைத்த கந்தல். யாருடைய கந்தல், எங்கே கிடந்தது, துவைக்கப்பட்டதா என்பதை விற்றவரும் அறியார்.

கந்தலை அரைப்பது குற்றமான தொழிலன்று. பழைய கம்பளி உடைகளைக் கிழித்து மீண்டும் நூலாக்குவதில் பானிப்பட் நகரம் பெயர்பெற்றது. ஆனால் அரைத்த கந்தலைச் சுத்தம் செய்யாமல் படுக்கையில் திணிப்பது வேறு விஷயம். இங்கிலாந்தில் 1911-ஆம் ஆண்டிலேயே இதற்கென்று தனிச்சட்டம் இயற்றினர். 1951-இல் அதனை விரிவுபடுத்தி மற்ற திணிபொருள்களையும் சேர்த்தனர். கந்தற்பஞ்சில் எவ்வளவு உப்பு கரைந்து வருகிறது என்பதைக் கொண்டே அதன் அழுக்கை அளந்தார்கள். மனித வியர்வையின் உப்பு துவைத்தாலன்றிப் போகாது என்பதே அதன் நியாயம்.

பஞ்சின் வகைகளுக்குச் செல்லுமுன் ஒரு முக்கிய எச்சரிக்கை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குப் பஞ்சுப் போர்வை வேண்டாம். முகத்தின்மேல் சரிந்தால் அதனை விலக்கிக்கொள்ளும் வலு சிசுவுக்கு இல்லை. உறக்கத்தில் மூச்சு முட்டும் அபாயம் உண்டு என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். மெத்தென்ற தலையணைக்கும் இது பொருந்தும். சிசுவுக்குக் கூடுதலாக ஒரு சட்டை போதும். நாம் இங்கே கூறுவதெல்லாம் நடக்கத் தொடங்கிவிட்ட குழந்தைக்கே.

போர்வை எவ்வாறு கதகதப்பைத் தருகிறது? இழைகளுக்கிடையே சிறைப்பட்டு அசையாமல் நிற்கும் காற்றே உடலின் வெப்பத்தை வெளியேறாமல் காக்கிறது. ஆகவே அதிகப் பஞ்சு என்றால் அதிகக் கதகதப்பு என்று கொள்ள வேண்டியதில்லை. நன்றாக மலர்ந்த பஞ்சே வேண்டும். ஜெய்ப்பூர் ரஜாயின் புகழுக்குக் காரணம் பஞ்சின் அளவன்று, அதனை மீண்டும் மீண்டும் அடித்து மலர்த்துவதே. இதனை அறியாமல் நாமே ஒருமுறை நம் வீட்டுக் குழந்தையின் போர்வையில் ஒரு கிலோ பஞ்சைத் திணித்தோம். குழந்தை இரவு முழுவதும் அதனை உதைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தது. தகப்பனார் எழுந்து எழுந்து போர்த்தியதுதான் மிச்சம்.

நம் பகுதிக் குளிருக்குச் சதுர மீட்டருக்கு 200 கிராம் போதும். ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ இருப்பவர்கள் 300 வரை செல்லலாம். குடியாத்தம் லுங்கி ஒன்று இரண்டு மீட்டர் நீளமும் ஏறக்குறைய 1.2 மீட்டர் அகலமும் உடையது. அதனைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் குழந்தைப் போர்வைக்கு மேல்துணியும் அடித்துணியும் ஒருங்கே கிடைத்துவிடும். அதன் பரப்பு 1.2 சதுர மீட்டர். வேண்டிய பஞ்சு 240 கிராம், அதாவது கால் கிலோ. அந்த அம்மையார் வாங்கியது இரண்டு கிலோ! எட்டுப் போர்வைக்கான சரக்கு.

இனி, எந்தப் பஞ்சு? பருத்தியே என்பது நம் கருத்து. நெசவாளர் இதழில் எழுதுவதால் சொல்வதன்று. சாதாரணக் காற்றில் 100 கிராம் பருத்தி ஏழெட்டு கிராம் ஈரத்தைத் தன்னுள் ஏற்கிறது. பாலியெஸ்டர் அரை கிராம்கூட ஏற்பதில்லை. உறங்கும் குழந்தையின் வியர்வையை வாங்கிக்கொள்ளும் குணம் இதுதான். ஆயினும் எல்லாப் பருத்தியும் ஒன்றன்று. மெல்லிய நூலுக்கு ஏற்ற நீண்ட, மிருதுவான இழை போர்வைக்குள் விரைவில் அமுங்கிவிடும். கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தியின் இழை குட்டை, சற்று முரடு. நூற்பாலைக்காரர் குறையாகக் கருதும் அந்த முரட்டுத்தனமே போர்வையில் குணமாகிறது. அமுக்கினால் எழும்பும், வெயிலில் காயவைத்தால் மீண்டும் மலரும். பருத்தி பயிரிடும் அங்கத்தினர்கள் விற்பனைக்கு அனுப்புமுன் முக்கால் கிலோவை எடுத்துவைத்தால், கொட்டை நீக்கியபின் கால் கிலோ பஞ்சு தேறும். மூன்றில் ஒரு பங்கு பஞ்சு என்பது பொதுக்கணக்கு. கொட்டையின் நொறுங்கிய துணுக்குகளைப் பொறுக்கிவிட வேண்டும். அவற்றின் எண்ணெய் துவைக்கும்போது கசிந்து வெளுப்புத் துணியில் பழுப்புப் புள்ளியிடும்.

நூற்பாலைக் கழிவிலும் இருவகை உண்டு. கோம்பர் இயந்திரம் வாரித் தள்ளும் குட்டையிழை சுத்தமானது, கொட்டையற்றது, போர்வைக்கு மிகவும் ஏற்றது. புளோரூமில் கீழே உதிரும் கழிவோ இலைச் சருகும் மண்ணும் கலந்தது. கடையில் இரண்டுக்கும் "மில் பஞ்சு" என்றே பெயர். வாங்குவோர் எது என்று கேட்டு, கையால் பிரித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

இலவம் பஞ்சுக்குப் போடிநாயக்கனூர் பெயர்போனது. அதன் இழை உள்ளே குழல்போல் வெறுமையாய், மேலே மெழுகு பூசினாற்போல் வழுவழுப்பாய் இருப்பதால் நீரில் மிதக்கிறது. கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளில் அதனை அடைத்ததும் இதனாலேயே. தலையணைக்கும் மெத்தைக்கும் அது உகந்தது. குழந்தைப் போர்வைக்கு உகந்ததன்று. இழை எளிதில் ஒடிந்து தூளாகும், ஊசித் துளை வழியே வெளியேறி மூக்கில் ஏறும், துவைத்தால் கட்டியாகும், தீப்பொறி பட்டால் குப்பென்று பற்றும். இலவு காத்த கிளியைப் பார்த்து நகைக்கிறோம். துவைக்க முடியாத போர்வையைக் காத்திருந்து வாங்குபவரும் அக்கிளியின் உறவினரே.

பாலியெஸ்டர் தகடு இப்போது எங்கும் கிடைக்கிறது. துவைக்கலாம், விரைவில் உலரும், நெருக்கமான தையல் வேண்டாம். இரவில் படுக்கையை நனைக்கும் குழந்தை உள்ள வீட்டில் இவ்வசதியை இகழ முடியாது. ஆனால் அது வியர்வையை வாங்காது. தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். விறகடுப்பு மூட்டும் அறையிலேயே குழந்தையும் உறங்கும் வீடுகளுக்கு இதனை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

நம் வட்டாரத்துக்கே உரிய ஆபத்தொன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும்போது ஆட்டுத் தோலிலிருந்து மயிர் களையப்படுகிறது. சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த குழம்பைத் தோலின் உட்புறம் பூசி, மயிர் தளர்ந்தபின் மழுங்கிய கத்தியால் வழிப்பது வழக்கம். அந்த மயிர் அலசி உலர்த்தப்பட்டு விலைபோகிறது. முரட்டு விரிப்புகளுக்கு அது பயன்படலாம். தெரிந்தவர் மூலம் ஒரு பை மலிவாகக் கிடைத்தது, கம்பளிதானே என்று போர்வைக்குள் வைக்கும் யோசனை சில வீடுகளில் எழுவதைக் கேள்வியுற்றிருக்கிறோம். வேண்டாம். முழுவதும் அலசப்படாத சுண்ணாம்பும் சல்பைடும் இளந்தோலைப் புண்ணாக்கும். அதனினும் பெரிது அடைப்பான் நோய். ஆந்த்ராக்ஸ் எனப்படும் அந்நோயின் விதைக்கிருமி, நோயுற்ற கால்நடையின் தோலிலும் மயிரிலும் பல்லாண்டுகள் உயிரோடு தங்கவல்லது. வீட்டு அடுப்பில் சிறிது நேரம் கொதிக்க வைப்பதால் மட்டும் அழிந்துவிடும் என்று நம்ப இயலாது. கம்பளி பிரிக்கும் தொழிலாளரை வாட்டிய இந்நோயைத் தடுக்கவே இங்கிலாந்தில் 1919-இல் ஒரு சட்டம் வந்தது. 1921-இல் இறக்குமதிக் கம்பளியைக் கிருமிநீக்கம் செய்யும் அரசு நிலையம் லிவர்ப்பூலில் திறக்கப்பட்டது. ஒவ்வொரு பையிலும் நோய் இருக்கிறது என்று நாம் கூறவில்லை. எந்தப் பையில் இருக்கிறது என்பதைக் கண்ணால் அறிய முடியாது என்றே கூறுகிறோம்.

காலணித் தொழிற்சாலைகளின் ஸ்பாஞ்சுத் துண்டுகளும் அவ்வாறே தள்ளத்தக்கவை. அவை எளிதில் தீப்பற்றும், அந்தப் புகை நஞ்சு.

வாங்கிய பஞ்சு எதுவென்று ஐயம் எழுந்தால், சிட்டிகையளவை இடுக்கியில் பிடித்து, வீட்டுக்கு வெளியே மணல் நிரப்பிய தட்டின்மேல் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த மணமும் விரலில் உதிரும் சாம்பலும் இருந்தால் பருத்தி. சுருங்கி உருகிக் கறுத்த மணியாக இறுகினால் பாலியெஸ்டர். தலைமயிர் கருகிய நாற்றம் வந்தால் கம்பளி அல்லது மயிர். பருத்தியும் இலவமும் எரிவதில் ஒத்திருக்கும். விரலால் அமுக்கி நீரில் முக்கினால் பருத்தி மெல்ல நனையும், இலவம் விடாப்பிடியாக மிதக்கும்.

பஞ்சு அடிப்பதைத் திறந்தவெளியில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு செய்க. மேல்துணி லுங்கியானால் முன்னதாகவே துவைத்து, ஈரத்தோடு வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். குழந்தைகள் போர்வையின் நுனியைச் சுவைப்பார்கள். கையால் பரப்பிய பருத்திக்குத் தையல் வரிசைகள் இரண்டு அங்குல இடைவெளிக்கு மேற்படக்கூடாது. அவ்வளவு நெருக்கமாகத் தைக்கப் பொறுமை இல்லாதவர்கள் உள்ளே பஞ்சே வைக்காமல், வங்காளத்துக் காந்தாவைப்போலப் பழஞ்சேலைகளை மூன்று நான்கு மடிப்பாக அடுக்கித் தைத்துவிடலாம். அதுவும் நல்ல போர்வையே. ஒரு வகையில் எல்லாவற்றிலும் எளிதாகத் துவைக்கத்தக்கது அதுதான்.

பஞ்சு வைத்ததற்குக் கழற்றித் துவைக்கும் மேலுறை ஒன்று அவசியம் வேண்டும். போர்வையை வாரம் ஒருமுறை நல்ல வெயிலில் இருபுறமும் காயவைத்து, ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் துவைக்காதிருப்பது நலம். துவைக்கும் நீரையும் கவனிக்க வேண்டும். பாலாற்றுப் படுகையில் தோல் கழிவுநீரால் கிணறுகள் கெட்டுப்போனது யாவரும் அறிந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் தீர்ப்பளித்தது இதைக் குறித்தே. உப்பு நீரில் அலசிய பஞ்சு காய்ந்ததும் விறைத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் கசகசக்கும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீரை ஒதுக்குங்கள்.

கால் கிலோ கோம்பர் பஞ்சு வேண்டும் என்று தனியொருவர் நூற்பாலையைக் கேட்க முடியாது, சங்கம் கேட்கலாம். குடியாத்தம் அம்மையாரின் கதை அவ்வாறே முடிந்தது. இருபத்திரண்டு அங்கத்தினர்கள் பெயர் கொடுத்தனர். சங்கச் செயலாளர் நூல் கொள்முதலுக்குச் சென்றபோது பத்துக் கிலோ கொண்டுவந்து, நூல் நிறுக்கும் தராசிலேயே நிறுத்து, அடக்க விலைக்குப் பிரித்துக் கொடுத்தார். ஐந்தரைக் கிலோ போர்வைகளுக்குச் சென்றது. மீதி நாலரைக் கிலோ சங்கத்தின் இருப்புப் பதிவேட்டில், தனித் தலைப்பில், தை மாதத் தேவைக்காக ஏறியுள்ளது. அதனை எந்தக் கணக்கில் காட்டுவது என்று செயலாளர் நம்மைக் கேட்டிருக்கிறார், பதில் எழுதிவிட்டோம்.