மனசுக்கு எந்த மொழி?



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "லேத்தில் திரெட் கட்டிங் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "அதைத்தான் சார் தினமும் சொல்றாரே, வேற எழுதுடா" என்றார்கள். ஆகவே வேறொரு ரிப்பேர் பற்றி எழுதுகிறேன். மனசு ரிப்பேர். சிரிக்காமல் கடைசிவரை படியுங்கள்.

'டென்ஷன்' என்று சொன்ன கதை

மூன்றாம் செமஸ்டரில் எனக்கு இரண்டு அரியர். பள்ளியில் தமிழ் மீடியம், இங்கே எல்லாம் இங்கிலீஷ். தூக்கம் போயிற்று, சாப்பாடு இறங்கவில்லை. உறவினர் ஒருவர் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். அவர் இங்கிலீஷில் கேட்டார். "மனசு ஒரே பேஜாரா கீது சார்" என்று நாக்கு வரை வந்ததை விழுங்கிவிட்டு, "டென்ஷன் சார்" என்றேன். அதன் பிறகு கேட்டதற்கெல்லாம் 'எஸ்' போட்டேன். ஐந்து நிமிடத்தில் மாத்திரைச் சீட்டு வந்தது. மாத்திரையைக் குறை சொல்லவில்லை, பலருக்கு அது அவசியம். ஆனால் என் விஷயம் அந்த அறைக்குள் நுழையவே இல்லை.

பிறகு நண்பன் ஒருவன் சொல்லி, மந்தைவெளிப் பக்கம் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதலாம். ஆலோசகர் மருந்து தரமாட்டார், பேச்சின் மூலம் உதவுபவர். இந்த மேடம் முதலில் கேட்ட கேள்வி: "தம்பி, உங்களுக்கு எந்த மொழியில பேச வசதி? கலந்து பேசினாலும் பரவாயில்லை." அங்கேதான் 'பேஜார்' வெளியே வந்தது. கூடவே அழுகையும்.

நான் கற்ற மூன்று பாடங்கள்

ஒன்று, மொழி. பாடத்தை எந்த மொழியில் படித்தாலும் பயம், அவமானம், கோபம் எல்லாம் அம்மாவிடம் பேசிய மொழியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரில் அடிபட்ட மக்களுக்குச் சிகிச்சை தந்தவர். நம் ஜனங்கள் மனவேதனையை நெஞ்சு வலி, பெருமூச்சு என்று உடம்பின் வழியாகவே சொல்வதைக் கவனித்து எழுதியிருக்கிறார். மனதை அமைதிப்படுத்தும் பயிற்சியைக்கூட அவரவர் மதத்துக்கு ஏற்ற பிரார்த்தனைச் சொற்களோடு சேர்த்துக் கொடுத்தார்.

இரண்டு, கூட்டு வேலை. நல்ல மெக்கானிக் வண்டியைப் பிரிக்கும் முன், "சத்தம் எப்போ வருது? மேட்டிலா, பிரேக் போடும்போதா?" என்று ஓட்டுகிறவரைக் கேட்பார் அல்லவா? அதுபோல மேடமும் நானும் ஒரு தாளில் சேர்ந்து எழுதினோம். முதல் மாதம் தூக்கம், அடுத்து ஒரு அரியர், அப்புறம் மற்றது. எது முதலில் என்று முடிவு செய்தது நான்.

மூன்று, அடையாளம். இதை எழுதத்தான் எனக்குக் கை நடுங்குகிறது. நான் உங்களிடமெல்லாம் 'அடையாறு' என்றுதான் சொல்லி வந்தேன். என் வீடு ஊரூர் ஆல்காட் குப்பம். அப்பா மீனவர். என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று பயந்து வகுப்பில் சந்தேகமே கேட்காமல் இருந்தேன். அரியரின் வேர் அதுதான்! மேடம் என் பேச்சைத் திருத்தவில்லை. "அப்பா கடலுக்குப் போறதை எப்படி முடிவு பண்றார்?" என்று கேட்டார். "காத்து பார்ப்பார், நீரோட்டம் பார்ப்பார், மத்தவங்களைக் கேட்பார்" என்றேன். "அவர் கடலை மாத்தறதில்லை. எப்போ இறங்கணும்னு மட்டும் முடிவு பண்றார். உங்களுக்கும் அது தெரியுமே!" என்றார். மறைத்து வைத்திருந்ததே எனக்கு மருந்தாயிற்று.

நீதிபதியும் மாணவர் ஆனார்

இது என் ஒருவன் கதை அல்ல. 2021இல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த, ஒருவரையொருவர் நேசித்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார் தெரியுமா? 'இந்த விஷயத்தில் எனக்கே முழுப் புரிதல் இல்லை' என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் தாமே பாடம் கேட்டார்! அதன் பிறகு 7-6-2021 அன்று அளித்த உத்தரவில், ஒருவரின் பாலின ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அதே வழக்கின் தொடர்ச்சியாக, இவர்களை மரியாதையாகக் குறிப்பிடும் தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022இல் வெளியிட்டது. பாருங்கள், இங்கேயும் மொழிதான் முதல் மருந்து!

சட்டம் நமக்குத் தருவது

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 29-5-2018 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, மனநலச் சிகிச்சை பெறுவது நம் உரிமை. சட்டப்படி தர வேண்டிய தகவல்களை நமக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். நம் விஷயம் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும். அவரைத் தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்கு உதவ வேண்டும்.

எங்கே போவது?

நம் ஊருக்கு இது புதிதல்ல. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. மயிலாப்பூருக்குப் பக்கத்தில், ஆர்.ஏ.புரத்தில் 'சிநேகா' இருக்கிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கியது. அங்கே தொண்டர்கள் புத்தி சொல்லமாட்டார்கள், காது கொடுத்துக் கேட்பார்கள். காசு கிடையாது. தொலைபேசி: 044-24640050. மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, இரவு பகலாக இலவசம், தமிழிலேயே பேசலாம்.

தி.நகர் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் தொலைந்த குழந்தை கூட, "அம்மா" என்று தன் மொழியில்தான் கத்தும். நாம் மட்டும் ஏன் தொலைந்த பிறகும் 'ஐ ஆம் ஃபைன்' சொல்ல வேண்டும்?

தோழர்களே, பக்கத்து பெஞ்சில் ஒருவன் சில நாட்களாகப் பேசாமல் இருந்தால், "என்னடா டென்ஷனா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். உட்காருங்கள். அவன் பேச்சில் பேசுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை புத்தி சொல்லாதீர்கள். தேவைப்பட்டால் கூடவே போங்கள்.

எனக்கு இன்னும் ஒரு அரியர் பாக்கி. அதை முடித்துவிடுவேன். முடித்ததும் எங்கள் குப்பத்துக்கு வாருங்கள். அம்மா கையால் மீன் குழம்பு நிச்சயம். விலாசம்தான் இப்போது உங்களுக்குத் தெரியுமே!