அடியில் மறைந்திருக்கும் ஈரம்

கேமரன் மலையில் பனிமூட்டம் விலகும் முன்பே தேயிலைத் தோட்டங்களில் வேலை தொடங்கிவிடுகிறது. செங்குத்தான சரிவுகளிலும் சேறு நிறைந்த மண்பாதைகளிலும் ஆட்களையும் விளைபொருள்களையும் ஏற்றிச் செல்ல உறுதியான வண்டி தேவை. அத்தேவையைப் பல்லாண்டுகளாக நிறைவேற்றி வருவது லேண்ட் ரோவர். அரை நூற்றாண்டைக் கடந்த வண்டிகள்கூட அங்கு இன்றும் ஓடுகின்றன. அவ்வண்டிகளுக்குப் பெரும்பகையாக விளங்குவது மேட்டுப் பாதையன்று. கண்ணுக்குத் தெரியாமல் அடியில் தங்கிவிடும் ஈரமே ஆகும்.

பகாங் மாநிலத்தைச் சேர்ந்த கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்கள் பல, கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்துள்ளன. அங்கு ஆண்டு முழுவதும் மழை பெய்கிறது. குளிர்ந்த காற்றில் ஈரம் எளிதில் உலர்வதில்லை. தேயிலைச் செடிக்கு வாழ்வு தரும் அதே ஈரம் இரும்புக்கு எமனாகிறது.

லேண்ட் ரோவர் 1948ஆம் ஆண்டு அறிமுகமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு நிலவியது. ஆகவே, வண்டியின் மேற்கூட்டை அலுமினியக் கலவையால் செய்தனர். அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிப்பதில்லை. ஆனால், முழு எடையையும் தாங்கும் அடிச்சட்டமோ எஃகால் ஆனது. இதனால், மேலே பளபளக்கும் வண்டி அடியில் அரித்துப் போயிருக்கக்கூடும். மேலும், எஃகும் அலுமினியமும் சேருமிடத்தில் ஈரம் தங்கினால், அலுமினியமும் வெண்பொடியாக உதிரத் தொடங்கும்.

இரும்பு, நீரோடும் உயிர்வளியோடும் சேரும்போது துரு உண்டாகிறது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவே, மேற்பூச்சைப் பெயர்த்துக்கொண்டு உப்பி உதிரும். அவ்விடுக்கில் மேலும் நீர் புகும். லேண்ட் ரோவரின் அடிச்சட்டம் உள்ளீடற்ற பெட்டி போன்றது. உள்ளே புகும் நீர் வெளியேற அதில் சிறு துளைகள் உண்டு. சேறு அவற்றை அடைத்துவிட்டால் நீர் உள்ளேயே தேங்கிவிடும். வழிந்தோடும் நீரைவிடத் தேங்கி நிற்கும் நீரே பெருங்கேடு விளைவிக்கும்.

இது வண்டியின் அழகைப் பற்றிய சிக்கல் மட்டுமன்று, உயிரைப் பற்றியதுமாகும். பிரேக் எண்ணெய் செல்லும் மெல்லிய எஃகுக் குழாய்கள் வண்டியின் அடியில்தான் ஓடுகின்றன. அவை துருப்பிடித்து வெடித்தால் பிரேக் செயலிழக்கும். பொதுவாகப் பயன்படும் பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். ஈரம் கலந்த எண்ணெய் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்த சாலையில் அடிக்கடி பிரேக்கை மிதித்தால் அது கடுமையாகச் சூடேறும். அப்போது எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றினால், மிதித்தாலும் வண்டி நிற்காது.

எனவே, கசிவைத் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டும். இரவில் வண்டியின் கீழ் ஓர் அட்டையை விரித்து வைத்தால், காலையில் அதிலுள்ள கறைகள் தடயம் காட்டும். கரும்பழுப்புக் கறை பெரும்பாலும் இயந்திர எண்ணெயாகும். சாயம் கலந்த நீர், இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீராகும். சக்கரத்தின் அருகே தெரியும் வழுவழுப்பான வெளிர்மஞ்சள் துளி பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அவ்வாறாயின் வண்டியை ஓட்டவே கூடாது. கால்விரிப்பைத் தூக்கிப் பார்ப்பதும் நன்று. கதவு இரப்பரின் வழியே கசியும் மழைநீர் பெரும்பாலும் அதனடியில்தான் ஒளிந்திருக்கும். அடிச்சட்டத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால், நல்ல எஃகு கணீரென ஒலிக்கும். அரித்த எஃகு மந்தமாக ஒலிக்கும்.

அடுத்தது சீரமைப்பு. முதலில் அடிப்பகுதியிலுள்ள சேற்றை நீரால் கழுவி, அடைபட்ட துளைகளைத் திறக்க வேண்டும். பின்னர், நன்றாக உலர விட வேண்டும். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து அகற்றிய பிறகே துருத்தடுப்புப் பூச்சைப் பூச வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் பூசினால், கள்வனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதையாகிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டியின் கீழ் நுழையக்கூடாது. உறுதியான தாங்கிகளை வைத்து, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்த பின்னரே பணியைத் தொடங்க வேண்டும். பிரேக்கைப் பழுதுபார்க்கும் பணியைத் தேர்ந்த தொழில்நுட்பரிடம் விடுவதே முறை.

மலைப் பாதையில் ஒரு வண்டி நெடுங்காலம் உழைப்பதற்கு அதன் உறுதி மட்டும் காரணமன்று. கண்ணுக்குத் தெரியாத இடத்தையும் குனிந்து பார்த்துப் பேணும் ஒருவரின் பொறுப்புணர்வும் அதற்குக் காரணமாகும்.