மலைச்சாலையில் பயணம் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில் ‘புளூ ரிட்ஜ் பார்க்வே’ வழியாகப் போகப்போகிறாய். வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா பூங்காவிலிருந்து வட கரோலினாவின் கிரேட் ஸ்மோக்கி மலைகள்வரை 469 மைல் ஓடும் சாலை அது. பார்ப்பவர்கள் அதை மனிதக் கை படாத அழகு என்பார்கள். அப்படி நம்பிவிடாதே. பெருமந்தக் காலத்தில், வேலையற்றோருக்கு வேலை கொடுக்கவென்றே 1935-ல் தொடங்கிய பணி அது. எந்த வளைவில் பள்ளத்தாக்கு தெரிய வேண்டும், எங்கே வயலும் மரவேலியும் கண்ணில் பட வேண்டும் என்பதையெல்லாம் ஸ்டான்லி அபட் என்ற நிலவடிவமைப்பாளரும் அவர் குழுவினரும் தீர்மானித்தார்கள். அங்கே விளம்பரப் பலகைகளோ சரக்கு லாரிகளோ இல்லாததும் அந்தத் தீர்மானத்தின் விளைவுதான்.

தேர்ந்தெடுத்த காட்சி என்றால் விலக்கப்பட்டதும் உண்டு. சாலையோரத்தில் பலரும் படமெடுக்கும் பழைய மேப்ரி ஆலையருகே ஒரு மரக்கட்டைக் குடில் நிற்கிறது. ஆனால் ஆலைக்காரர் குடும்பம் வாழ்ந்தது பலகையால் கட்டிய மாடி வீட்டில். ‘பழைய மலைவாழ்வு’ என்ற சித்திரத்துக்கு ஒவ்வாததால் அதை இடித்துவிட்டு, வேறிடத்துக் குடிலைக் கொண்டுவந்து வைத்தார்கள். சாலையின் தெற்கு முனையில் செரோக்கி பூர்வகுடி மக்கள் தங்கள் பள்ளத்தாக்கின் நடுவே சாலை வருவதை எதிர்த்தார்கள். பாதை மலைமுகட்டுக்கு மாறியது. இவற்றைக் கார் கண்ணாடி உனக்குக் காட்டாது.

இதெல்லாம் தெரிந்தால் ரசனை கெடாதா என்று கேட்பாய். கெடாது. கிராண்ட்ஃபாதர் மலைச்சரிவைச் சிதைக்காமலிருக்க, இதே சாலையிலுள்ள லின் கோவ் பாலத்தின் கான்கிரீட் துண்டுகளை மேலிருந்தபடியே ஒவ்வொன்றாகப் பொருத்தினார்கள். 1987-ல் அந்தப் பகுதி திறந்த பிறகே சாலை முழுமையடைந்தது. அது தெரிந்தவனுக்கு அந்தப் பாலம் இன்னும் அழகாகத்தான் தெரியும். விளம்பரப் பலகைக்கும் லாரிக்கும் இடமில்லை என்பது போன்ற கட்டுப்பாடுகள் இல்லாவிட்டால் மலை முழுவதும் கடைகள் முளைத்திருக்காதா என்றும் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. நிலத்தைக் காத்ததற்கு நானும் நன்றி சொல்வேன். ஆனால் நிலத்தைக் காப்பது வேறு, அங்கே வாழ்ந்தவர்களைப் பழங்காலத்து மனிதர்களாக நிறுத்திவைப்பது வேறு. முன்னதைப் பாராட்டுவதற்காகப் பின்னதை ஏற்க வேண்டியதில்லை.

ஆகவே சாலையை விட்டுக் கீழே இறங்கு. அருகிலுள்ள கேலக்ஸ் ஊரில் 1935-ல் தொடங்கிய பிடில் இசைப் போட்டி ஆகஸ்டுதோறும் நடக்கிறது. அங்கே வாசிப்பவர்கள் காட்சிப்பொருள்கள் அல்லர், இன்றும் அந்த மண்ணில் வாழ்பவர்கள். காட்சிமுனையில் நிற்கும்போது இதை யார் வடிவமைத்தார், இங்கே முன்பு யார் இருந்தார் என்ற இரண்டையும் கேட்டுப் பழகு. அழகை ரசிப்பதோடு, அந்த மக்களுக்குரிய மரியாதையையும் தரக் கற்றுக்கொள்வாய்.

அன்புடன்,
அண்ணன்