நூலகத்தைப் படம் எடுப்பது எப்படி?

(பத்தாம் வகுப்பு மாணவி)

அழகான கட்டடத்தைப் படம் எடுப்பது ஒன்று. அக்கட்டடம் அங்கு வருவோருக்கு எவ்வாறு பயன்படுகிறது என்று படத்திலே காட்டுவது வேறொன்று. முன்னதற்கு நல்ல காமிராவும் வெளிச்சமும் போதும். பின்னதற்கு, வருகிறவருடைய கண்ணை நாம் கடன் வாங்க வேண்டும்.

சென்னை கோட்டூர்புரத்திலுள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தையே எடுத்துக்கொள்வோம். 2010ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் திறக்கப்பட்டது. ஒன்பது தளங்கள் கொண்டது. முதல் தளத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. அங்கே ஒரு செயற்கை மரம் கிளை பரப்பி நிற்கிறது. போகிறவர்களெல்லாம் அந்த மரத்தைத்தான் படம் எடுப்பார்கள். மரம் அழகுதான். ஆனால் ஆறு வயதுச் சிறுமிக்குப் புத்தகம் கைக்கு எட்டுகிறதா என்பதை மரம் சொல்லாது. அதற்கு நாம் முழங்காலிட்டு, காமிராவை அவளுடைய கண் மட்டத்திற்கு இறக்க வேண்டும். நாம் நின்றபடி எடுத்தால் எல்லா அலமாரிகளும் குட்டையாகத்தான் தோன்றும்!

சக்கர நாற்காலிக்கான சாய்தளமும் அப்படியே. ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளமாவது வேண்டும் என்பது கணக்கு. நேர் எதிரே நின்று எடுத்தால் எந்தச் சாய்தளமும் சமதளம் போலத் தெரியும். பக்கவாட்டில் நின்று எடுத்தால்தான் அது ஏறக்கூடியதா, பெயருக்குப் போட்டதா என்பது புரியும்.

அகலக்கோண லென்ஸ் பொல்லாதது. சிறிய அறையையும் மண்டபமாக்கிவிடும். மேசைகளுக்கு நடுவே உள்ள குறுகிய வழியும் வீதி போலத் தோன்றும். ஆகவே இருவர் எதிரெதிராகக் கடந்து போகும் வேளையில் அவ்வழியை எடுப்பது நல்லது. அளவுகோலாக மனிதரை விடச் சிறந்தது இல்லை. காமிராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் உட்புறம் சாய்ந்துவிடும். மட்டமாகப் பிடிக்க வேண்டும். ஜன்னலுக்கு எதிரே நின்றால் வாசகர்கள் கறுப்பு நிழல்களாகிவிடுவார்கள்; ஜன்னல் நமக்குப் பக்கத்தில் இருக்கட்டும். வாசிப்பவர்களின் கண்ணைக் கூசச் செய்யும் பிளாஷ் வேண்டாம். காமிராவை முக்காலியில் நிறுத்தி, ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்தால், அமர்ந்து படிப்பவர் தெளிவாக விழுவார். நடப்பவர் மங்கலாகத் தெரிவார். எங்கே தங்குகிறார்கள், எங்கே கடந்து போகிறார்கள் என்பது ஒரே படத்தில் விளங்கிவிடும்.

தரைத்தளத்தில் பிரெய்ல் பிரிவு இருக்கிறது. பார்வையற்றவர் படியேறாமலே தம் புத்தகத்தை அடையலாம் என்பதால், வாசலிலிருந்து அப்பிரிவு வரையுள்ள வழியைத் தொடர்ச்சியாக நான்கைந்து படங்களில் காட்டலாம். கடைசிப் படத்தில் முகம் தேவையில்லை. புள்ளிகளின் மேல் நகரும் விரல்கள் போதும். ஆனால் ஒன்று. நம் கையில் காமிரா இருப்பதை அவர் அறியமாட்டார். அருகில் சென்று, நாம் யார், எதற்காக எடுக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லி விலகிவிட வேண்டும். கேட்காமல் எடுப்பது திருட்டு என்றே நான் சொல்வேன்.

படம் எடுப்பதற்காக நாற்காலிகளை ஒழுங்குபடுத்துவது, பைகளை மறைப்பது இவையும் கூடாது. பை வைக்க இடமில்லாமல் தரையில் கிடந்தால், அதுவும் வருகிறவர்களைப் பற்றிய செய்திதானே? படத்தின் அடியில் நாளும் மணியும் எழுதிவிடுங்கள். காலை எட்டரை மணிக் கூடமும் தேர்வு மாதத்து மாலைக் கூடமும் ஒன்றல்ல.